முதுமையும் வாழ்வதற்குரிய பருவமே

(மைசூரில் அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த முதியோர் நலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மைசூர் நகருக்கு ஒரு சிறப்புப் பெயர் உண்டு. ஓய்வூதியம் பெறுவோரின் சொர்க்கம் என்று இந்நகரை நெடுங்காலமாக அழைத்து வருகிறார்கள். மிதமான தட்பவெப்பம், மர நிழல் படர்ந்த சாலைகள், அவசரமில்லாத வாழ்க்கை ஆகியவை இப்பெயருக்குக் காரணம். அதிகாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடை பயிலும் மூத்தோரைப் பார்த்தால் இப்பெயர் பொருத்தமானதே என்று எவரும் ஒப்புக்கொள்வர்.

ஆயினும் இப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஓய்வூதியம் பெற வேண்டுமானால் முதலில் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஓய்வு பெற வேண்டுமானால் அதற்கு முன் ஊதியமுள்ள நிரந்தரப் பணியில் இருந்திருக்க வேண்டும். நம் நாட்டு மூதாட்டியருள் மிகப் பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் வாய்த்ததில்லை. அடுப்பங்கரைப் பணிக்கு ஓய்வு பெறும் வயதை எந்த விதியும் வகுக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஊதுவத்தி உருட்டிய பெண்ணுக்கும், தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகை தொடுத்து விற்ற பெண்ணுக்கும் வருங்கால வைப்பு நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அவர்களுக்கு முதுமை வந்துவிடுகிறது, ஓய்வு வருவதில்லை.

ஆகவே, முதிய பெண் தன் உடலைப் பேணிக்கொள்வது, வாழ்வில் ஒரு நோக்கம் கொள்வது, மகிழ்ச்சியோடு இருப்பது ஆகிய மூன்றையும் பற்றி இன்று பேச விழைகிறேன். இவை மனவுறுதியால் மட்டுமே கைகூடுவன என்று நாம் அறிவுரை கூறிவிட்டுப் போய்விடலாகாது. தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்ளுமாறு அறுபது ஆண்டுகள் பழக்கப்படுத்தப்பட்ட ஒருவரிடம், உன்னைப் பேணிக்கொள் என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் அவ்வாறு செய்வதற்கான வழியைக் குடும்பமும் சமுதாயமும் அரசும் திறந்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

பெருகிவரும் எண்ணிக்கை

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 38 லட்சம் பேர். அவர்களுள் பெண்கள் சுமார் 5 கோடியே 28 லட்சம். ஆண்கள் சுமார் 5 கோடியே 11 லட்சம். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் இணைந்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2022இல் மூத்தோர் தொகை 14.9 கோடி எனவும், 2050இல் அது 34.7 கோடியாக உயரும் எனவும் மதிப்பிடுகிறது. அப்போது நம் மக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மூத்தவராக இருப்பார்.

இந்த எண்களுக்குள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். நம் நாட்டில் கணவரைவிட மனைவி வயதில் இளையவராக இருப்பதும் வழக்கம். இவ்விரண்டும் சேர்வதால், பெண்ணின் முதுமையில் பல ஆண்டுகள் துணையின்றிக் கழிகின்றன. கணவருக்கு நோயுற்ற காலத்தில் மனைவி உதவுகிறார். மனைவி நோயுறும் காலத்தில் அருகில் இருப்பவர் யார் என்ற கேள்விக்குப் பல வீடுகளில் விடையில்லை. எனவே முதியோர் நலம் என்று பொதுவாகப் பேசும்போதும், அதன் பெரும்பகுதி பெண்கள் நலமே என்பதைத் திட்டமிடுவோர் மறவாதிருக்க வேண்டும்.

ஒரு நாற்காலி செய்த பணி

வாழ்வின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்நகரின் வரலாறே நமக்குச் சிறந்ததொரு சான்றைத் தருகிறது. மைசூர் அரண்மனையின் நடனக் கலைஞராக விளங்கிய ஜட்டி தாயம்மா 1857இல் பிறந்து 1947இல் மறைந்தவர். அபிநயத்தில் ஒப்பற்றவர் எனப் புகழ் பெற்ற அவர், முதிய வயதிலும் மாணவர்க்குக் கற்பித்து வந்தார். இந்திய நடனத்தை மேலை நாடுகளுக்கு எடுத்துச் சென்ற ராம் கோபால் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

அதே தாயம்மாவிடம் எட்டு வயதில் மாணவியாகச் சேர்ந்தவர் வெங்கடலட்சம்மா. 1906இல் லம்பாணிக் குடும்பமொன்றில் பிறந்த இவர், 1939இல் மைசூர் அரசவையின் ஆஸ்தான விதுஷியானார். பின்னர் அரசுகள் மாறின. அரண்மனைக் கலைகளின் நிலையும் மாறிற்று. 1965இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நடனக் கல்வியைத் தொடங்கியபோது அதன் முதல் ரீடராக அமர்த்தப்பட்டவர் வெங்கடலட்சம்மாவே. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மற்றவர்கள் மாலை சூட்டிக்கொண்டு அலுவலகத்திலிருந்து விடைபெறும் வயதில் அவர் புதிதாகப் பணியில் சேர்ந்தார். 1974 வரை அப்பணியில் இருந்தார். 1992இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டபோது அவர் வயது எண்பத்தாறு. 2002இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றை ஒரு தனிமனிதரின் ஊக்கத்துக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. குருகுல முறையில் பயின்ற அம்மையார் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தது பட்டச் சான்றிதழையன்று. அரை நூற்றாண்டுக் கலையறிவை. அதன் மதிப்பை உணர்ந்து ஒரு நிறுவனம் அவருக்கு ஒரு நாற்காலியை அளித்தது. அந்த நாற்காலி இல்லாதிருந்தால் அவ்வறிவின் பெரும்பகுதி ஒரு வீட்டின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கக்கூடும். உடல் வேகம் குறைந்த வயதிலும் முகமும் விழியும் விரலும் கொண்டு பொருளுணர்த்தும் அபிநயத்தைப் போலவே, வயதோடு குறையாமல் வளரும் திறன்கள் பல உண்டு.

எல்லா மூதாட்டியரும் வெங்கடலட்சம்மா ஆக இயலாது என்று நீங்கள் கூறலாம். உண்மையே. ஆனால் பூத் தொடுப்பதில், விதை காப்பதில், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயைப் பேணுவதில், கணக்கு எழுதுவதில், கதை சொல்வதில், பாடுவதில் கைதேர்ந்த முதிய பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அங்கன்வாடியிலோ, பள்ளியிலோ, நூலகத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பாட்டிக்குப் பேரக்குழந்தைதானே நோக்கம் என்று கூறி, நாள் முழுவதற்குமான குழந்தை வளர்ப்பையும் சமையலையும் அவர் தலையில் சுமத்திவிடுவது நம் வீடுகளில் நடைபெறுகிறது. பேரக்குழந்தையோடு இருப்பது பெரும் இன்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரும்பி ஏற்பது வேறு. மறுக்க வழியின்றி ஏற்பது வேறு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ள இடத்தில்தான் ஒரு பணி நோக்கமாகிறது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் அது வெறும் சுமையே.

தன்னைப் பேணுதல் தன்னலமன்று

அடுத்து உடல்நலம். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியவளாக இருக்கிறேன். என் தாயார் எழுபது வயதைக் கடந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை சொல்வார். விருந்தினர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அவரைக் கேட்காமலே அவரைப் பற்றிய முடிவுகளை எடுக்கத் தொடங்கினோம். நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின் வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் சென்றபோதுதான், குறை நினைவில் அன்று, செவியில் என்பது தெரியவந்தது. கருவி பொருத்தியபின் ஒருநாள் அவர் என்னிடம், "நீங்கள் எல்லோரும் என்னை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அந்த நான்கு ஆண்டுகளை அவருக்குத் திருப்பித் தர எங்களால் இயலவில்லை.

முதுமையில் செவித்திறன் குறையும்போது எல்லா ஒலிகளும் ஒரே அளவில் குறைவதில்லை. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மங்குகின்றன. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஆதலால் பேசுவது காதில் விழும். ஆனால் சொல் விளங்காது. உரக்கக் கத்துவதால் இக்குறை நீங்குவதில்லை. முகம் பார்த்து, நிறுத்தி, தெளிவாகப் பேசுவதே பயன் தரும். உரிய சோதனையும் கருவியும் அதைப் பழகிக்கொள்வதற்குச் சில வாரப் பொறுமையும் வேண்டும். 2024இல் வெளிவந்த லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, மறதிநோய்க்குக் காரணமாகும் காரணிகளில் மாற்றக்கூடியவை பதினான்கு எனக் கூறுகிறது. செவித்திறன் குறைவும் அவற்றுள் ஒன்று. 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இந்த மைசூரில், மானசகங்கோத்திரியில்தான் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து மக்கள் நாடிவரும் நிறுவனம் நம் அருகிலேயே இருந்தும், நம் வீட்டு மூதாட்டியைச் சோதனைக்கு அழைத்துச் செல்லாதிருப்பது முறையாகுமா?

செவியைப் போலவே கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உள. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு அடர்த்தி விரைந்து குறைகிறது. ஆகவே ஈரமான குளியலறைத் தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்புண்டு. அதன்பின் பலர் முன்போல் நடமாடுவதில்லை. சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, வழுக்காத தரை ஆகியவை இவ்விபத்தைப் பெரிதும் தவிர்க்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைக்கும் தசைவலிமைக்குமான பயிற்சியும் மூத்தோர்க்கு வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதும் அத்தகைய பயிற்சியே.

உணவைப் பற்றியும் கூற வேண்டும். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பது இல்லத்தரசியின் கற்பாகப் போற்றப்பட்டு வந்தது. எஞ்சுவது பெரும்பாலும் சோறும் குழம்புமே. பருப்பும் முட்டையும் தயிரும் எஞ்சுவதில்லை. முதுமையில் தசை கரைவதைத் தடுக்கப் புரதம் இன்றியமையாதது. எனவே மூதாட்டி முதற்பந்தியில் அமர்ந்து உண்பது மரபு மீறலன்று, அது மருந்து.

பேசக் கூச்சப்படும் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை முதிய பெண்கள் பலருக்கு உள்ளது. அதற்கு அஞ்சியே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கோயிலுக்கும் திருமணத்துக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் நோய்த்தொற்று பெருகுகிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியாலும் சிகிச்சையாலும் இக்குறை பெருமளவு சீராகும். மருத்துவரிடம் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மாநகராட்சி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் தூய்மையான கழிப்பறை ஒன்று கட்டினால், பல மூதாட்டியருக்கு வெளியுலகின் கதவைத் திறந்தவர்களாவீர்கள்.

கையில் காசும் பெயரில் உரிமையும்

கையில் சொந்தக் காசு இல்லாத இடத்தில் தன்னைப் பேணுதல் என்பது வெறுஞ்சொல். தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 2011இல் தகுதி வயது அறுபதாகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய் எனவும், 80 வயது முதல் 500 ரூபாய் எனவும் வரையறுக்கப்பட்டது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. கர்நாடகத்தில் 65 வயது கடந்தோர்க்கான சந்தியா சுரக்ஷா திட்டம் 2007இல் வந்தது. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கிருஹலட்சுமித் திட்டம் 2023 ஆகஸ்டு 30 அன்று இந்த மைசூரிலேயே தொடங்கப்பெற்றது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோர்க்குச் செவிக்கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல் ஆகியவற்றை வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதலும், எழுபது வயது கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பு 2024 அக்டோபர் முதலும் நடைமுறைக்கு வந்தன.

தொகை சிறிதாயினும் அது அவர் கணக்கில், அவர் கைக்கே வந்து சேருமானால் அதற்குத் தனி மதிப்புண்டு. மருந்துக்கு மகனிடம் கை நீட்டாமல் தானே வாங்கிக்கொள்ளும் பெண்ணின் நடையே வேறு. ஆனால் விரல்ரேகை தேய்ந்துபோனதால் கருவி அவரை ஏற்க மறுக்கும்போதும், உயிரோடிருப்பதற்குச் சான்று கொண்டுவா என மூன்று முறை அலைக்கழிக்கப்படும்போதும் அம்மதிப்பு சிதைகிறது. திட்டம் தலைநகரில் பிறந்தாலும் அது வாழ்வதும் மடிவதும் உங்கள் மேசைமுன்னேதான் என்பதை இளம் அலுவலர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டப் பாதுகாப்பும் உள்ளது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. உட்கோட்ட நிலையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளை இல்லாதவர், தம் சொத்தை அடையும் உறவினரிடம் கோரலாம். பேணிக் காப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதித் தந்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாதென அறிவிக்கவும் இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே தானப் பத்திரம் எழுதுவோர் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவித்தல் நலம். பாசத்துக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்பார்கள். பாசம் உள்ள இடத்தில் அவ்வரி யாருக்கும் தீங்கு செய்யாது; பாசம் வற்றிய இடத்தில் அதுவே காப்பாகும். உதவி வேண்டுவோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மகிழ்ச்சிக்கும் இடம் உண்டு

இறுதியாக மகிழ்ச்சி. தமிழ் மரபில் ஔவையாரைப் பற்றிய கதை ஒன்று உண்டு. மணம் பேசிய பருவத்தில் அவர் விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றார் என்பது அக்கதை. வரலாறாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதை வழங்கிவந்த மக்களின் மனம் சிந்திக்கத்தக்கது. நரை வந்தபின்தான் ஒரு பெண் தன் விருப்பம்போல் ஊர் ஊராகச் செல்லலாம், அரசவையில் பேசலாம், யார் வீட்டுத் திண்ணையிலும் அமரலாம் என்று அம்மனம் எண்ணியிருக்கிறது. முதுமையை இழப்பாக அன்றி, விடுதலையாகக் கண்ட கதை அது.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று, அரசுச் சாதாரணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் சக்தித் திட்டம் தொடங்கியது. மூதாட்டியர் மூவர் நால்வராகச் சேர்ந்து நஞ்சன்கூட்டுக்கும் சாமுண்டி மலைக்கும் புறப்பட்டதைப் பலர் கேலி செய்தார்கள். வேலையின்றிச் சுற்றுகிறார்கள் என்றார்கள். ஐம்பது ஆண்டுகள் பிறர் வேலைக்காகவே நடந்த கால்கள் ஒருநாள் தம் விருப்பத்துக்காக நடந்தால் அதில் என்ன குற்றம்? தோழியரோடு பேசிச் சிரிப்பதும், கூட்டாகப் பாடுவதும், புதிதாக ஒரு மொழியோ கைப்பேசியோ கற்பதும், விரும்பிய நிறத்தில் புடவை உடுத்துவதும் வீண் ஆடம்பரங்கள் அல்ல. கணவரை இழந்தவருக்கும் இவை அனைத்தும் உரியவையே. தனிமை உடலையும் கெடுக்கும் என்பதை இன்று மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

மாணவ நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் பாட்டியின் எதிரே அமர்ந்து, அவர் முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். அலுவலக நண்பர்களே, அடுத்த முறை ஒரு மூதாட்டி உங்கள் மேசைமுன் வந்து நிற்கும்போது, கோப்பைத் திறப்பதற்கு முன் அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டுங்கள். இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் என் வயதுத் தோழியரே, யாரும் காட்டும்வரை காத்திராமல், நாமே அதை இழுத்துப் போட்டுக்கொண்டு அமரவும் கற்றுக்கொள்வோம்.